வௌவால் வாயால் கழிக்கிறதா?

வௌவாலுக்குத் தின்னவும் கழிக்கவும் ஒரே வாய்தான் என்று மட்டக்களப்பில் இன்னும் சொல்பவர்கள் உண்டு. சும்மா கட்டிய கதை இல்லை. விடிய எழும்பி வளவு மாமரத்தடியைப் பார்த்தால் தட்டையான சக்கைகள் கிடக்கும். அவை வாயிலிருந்து விழுந்தவைதான். ஆனால் கழிவு இல்லை.

பழந்தின்னி வௌவால் பழத்தைப் பிழிகிறது. ஒரு கடி கடித்து, நாக்கால் மேலண்ணத்தின் வரிகளில் வைத்து அழுத்தும். சாறு உள்ளே போகும், நாரைத் துப்பிவிடும். பறக்கிற உடம்புக்குப் பாரம் ஆகாது. சிறகை விரித்தால் 1 மீற்றருக்கு மேல் வரும் பெரிய வௌவால்கூட 1.5 கிலோ அளவில்தான் இருக்கும். குடலிலும் அதே சிக்கனம்: தின்றது அரை மணித்தியாலத்துக்குள் வெளியே வந்துவிடும். அடைந்திருக்கும்போது கழிக்க வேண்டுமென்றால், பெருவிரல் நகங்களால் கொப்பைப் பிடித்து நிமிர்ந்துகொள்ளும். பாவம், அது சுத்தமான பிராணி.

ஆல், அத்தியின் பொடி விதைகள் சாற்றோடு உள்ளே போய், பறக்கும்போதே எச்சத்தில் விழும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் தின்ற ஆலம்பழம் கிழக்கே எழுவான்கரையில் ஒரு சுவர் வெடிப்பில் முளைத்தால் அதிசயமில்லை. இலுப்பைக் கொட்டையை விழுங்க முடியாது. பழத்தை வேறு மரத்துக்குத் தூக்கிப்போய், சதையைத் தின்றுவிட்டுக் கொட்டையைப் போட்டுவிடும். எண்ணெய்க்குக் கொட்டை பொறுக்குபவர்கள் வௌவால் அடையும் மரத்தடியைத் தேடிப்போவது இதனால்தான். இலுப்பைப் பூவுக்கும் இரவில் வருவது இதே ஆள்தான். இனிப்பான இதழைத் தின்னும்போது மகரந்தம் மயிரில் ஒட்டிக்கொள்ளும்.

இருட்டில் வழி காட்டுவது பெரிய கண்ணும் மோப்பமும். பூச்சி பிடிக்கும் சின்ன வௌவால்களைப்போல எதிரொலி கேட்டுப் பறப்பதில்லை. இலங்கையின் 4 வகைப் பழந்தின்னிகளில் குகையில் அடையும் ஒன்று மட்டும் நாக்கைச் சொடுக்கி எதிரொலி கேட்கும்.

சரி, மா, கொய்யா வைத்திருப்பவரின் கோபமும் நியாயம்தான். ஆனால் சந்தைக்குப் போகிற மாங்காயைப் பழுக்குமுன்பே பறித்துவிடுகிறோம். வௌவால் பெரும்பாலும் தேடுவது மரத்திலேயே பழுத்ததை. அது கடித்துப் போட்ட பழத்தைப் பிள்ளைகள் எடுத்துத் தின்ன விடாதீர்கள்: 2018இல் கேரளாவில் பரவிய நிபா வைரஸ் இந்தப் பெரிய வௌவால்களின் உடம்பில் வாழ்வது. மரத்துக்கு வலை போடுவதானால் இறுக்கிக் கட்டுங்கள். தொய்ந்த வலையில் சிறகு சிக்கினால் தப்பாது, பெரிய வௌவால் வருடத்துக்கு ஒரு குட்டிதான் போடும்.