பெட் ஸ்கேனில் ஒளிராத கல்லீரல் புற்று

“அப்பாவுக்குக் கல்லீரல் புற்றுநோய் என்று பயாப்ஸி சொல்கிறது. பெட் ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. எது தப்பு?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இரண்டுமே சரியாக இருக்கலாம்.

புற்றுசெல்கள் குளுக்கோஸை அள்ளித் தின்னும் என்பதை ஜெர்மன் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே கவனித்தார். பெட் ஸ்கேனுக்கு ஊசியில் ஏற்றும் எஃப்டிஜி ஒரு போலிக் குளுக்கோஸ். அதன் இரண்டாம் கார்பனில் ஹைட்ராக்சில் என்ற அணுக்கூட்டத்துக்குப் பதில் கதிர்வீசும் ஃபுளூரின்-18 இருக்கும். செல் இதை நிஜக் குளுக்கோஸ் என்றே நம்பி உள்ளே இழுக்கிறது. ஹெக்சோகைனேஸ் நொதி அதில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடுகிறது. குளுக்கோஸை எரிக்கும் அடுத்த படிக்கு அந்த ஹைட்ராக்சில் வேண்டும், அது இல்லை. பாஸ்பேட்டின் மின்சுமையால் செல்சவ்வைத் தாண்டி வெளியேறவும் முடியாது. எலிப்பொறிதான்! இப்படி மாட்டிக்கொண்டது குவியக் குவிய, படத்தில் அந்த இடம் பளிச்சென்று தெரியும்.

ஆனால் கல்லீரலில் இந்தப் பொறிக்குப் பின்வாசல் உண்டு. நாம் பட்டினி கிடக்கும்போது ரத்தத்துக்குச் சர்க்கரை கொடுப்பது கல்லீரலின் வேலை. அதற்காகவே பாஸ்பேட்டைக் கழற்றிவிடும் குளுக்கோஸ்-6-பாஸ்பட்டேஸ் என்ற நொதி அங்கே நிறைய இருக்கிறது. கல்லீரல் செல்லின் குணம் அதிகம் மாறாத புற்று, இந்த நொதியையும் கைவிடுவதில்லை. உள்ளே போன எஃப்டிஜி வெளியே கசிந்துவிடும்; கட்டியும் சுற்றியுள்ள கல்லீரலும் ஒரே நிறமாகத் தெரியும். குணம் கெட்ட, மூர்க்கமான புற்றில் இந்த நொதி குறைந்துபோவதால் அது ஒளிர்கிறது. எனக்கு இந்த நொதியின் மேல் தனிப் பிரியம்.

ஆக, நோயைக் கண்டுபிடிக்க இந்த ஸ்கேனை மட்டும் நம்ப முடியாது. சிகிச்சையைத் திட்டமிடும்போது உதவும். கல்லீரல் மாற்று அறுவைக்கு யார் ஏற்றவர் என்று சொல்ல 1996இல் வந்த மிலான் அளவுகோல் முக்கியமாகப் பார்ப்பது கட்டிகளின் எண்ணிக்கையையும் அளவையும்தான்: 5 செ.மீ.க்கு மிகாத ஒரு கட்டி, அல்லது தலா 3 செ.மீ.க்கு மிகாத மூன்று வரை. அளவு ஒன்றாக இருந்தாலும், ஒளிரும் கட்டி அறுவைக்குப் பின் திரும்பி வரும் வாய்ப்பு அதிகம்.

ஒளிராதவற்றைக் கார்பன்-11 அசிடேட் என்ற வேறொரு கதிர்வீசும் ஊசிமருந்து பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். ஆனால் அதன் அரை ஆயுள் (கதிர்வீச்சு பாதியாகக் குறையும் நேரம்) வெறும் 20 நிமிடம், ஃபுளூரின்-18க்கு 110. பக்கத்திலேயே அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் இயந்திரம் வேண்டும். புதுக் கட்டடத் திறப்பு விழாக்களுக்குச் செலவழிப்பதில் கொஞ்சத்தை இதற்கு ஒதுக்கலாம் என்பது என் கட்சி.

அப்புறம், இந்தப் படங்களைக் காட்டி “சர்க்கரையை நிறுத்தினால் புற்று பட்டினியால் சாகும்” என்று வாட்ஸப்பில் பரப்புகிறவர்களுக்கு: நீங்கள் சாப்பிடாவிட்டால் அதே நொதியை வைத்துக் கல்லீரலே குளுக்கோஸ் தயாரித்து ரத்தத்தில் விடும். மெலிவது நோயாளிதான்.