கார்பன் பட்ஜெட்: கரிமப் பாதீடு

காலநிலை பற்றிய செய்திகளில் ‘கார்பன் பட்ஜெட் தீர்ந்துகொண்டு வருகிறது’ என்ற வரியை அடிக்கடி பார்க்கிறோம். ஏதோ அரசு ஒதுக்கும் நிதி என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பணத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. புவியின் சராசரி வெப்பநிலை ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டாமல் இருக்க வேண்டுமானால், மனிதர்கள் மொத்தமாக எவ்வளவு கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றலாம் என்ற உச்ச அளவுதான் கார்பன் பட்ஜெட்.

இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரே எண்ணில் எப்படிச் சொல்ல முடிகிறது? அந்த வாயுவின் குணம்தான் காரணம். வெளியேறியதில் ஒரு பகுதியைக் கடலும் தாவரங்களும் மண்ணும் எடுத்துக்கொள்கின்றன. மிச்சத்தில் கணிசமான பங்கு பல நூற்றாண்டுகள் காற்றிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே இந்த ஆண்டு எவ்வளவு விட்டோம் என்பதைவிட, இதுவரை சேர்ந்த மொத்தம் எவ்வளவு என்பதே வெப்பத்தைத் தீர்மானிக்கிறது. காலநிலையைக் கணினியில் கணக்கிடும் மாதிரிகளைப் பலவிதமான உமிழ்வுப் பாதைகளில் ஓட்டிப் பார்த்த ஆய்வாளர்கள், மொத்த உமிழ்வும் வெப்ப உயர்வும் ஏறக்குறைய நேர்விகிதத்தில் நகர்வதை 2009இல் வெளியான ஆய்வுகளில் காட்டினார்கள். காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கை இதற்கு ஓர் அளவும் தருகிறது: ஒவ்வொரு 1 லட்சம் கோடி டன் கார்பன் டை ஆக்சைடுக்கும் சுமார் 0.45 டிகிரி செல்சியஸ். அது 0.27 ஆகவும் இருக்கலாம், 0.63 ஆகவும் இருக்கலாம்.

இந்த இடைவெளியால்தான் பட்ஜெட் எண்ணோடு எப்போதும் ஒரு நிகழ்தகவு ஒட்டிக்கொண்டு வருகிறது. தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையோடு ஒப்பிட்ட வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்த 50 விழுக்காடு வாய்ப்புப் போதும் என்றால், 2020 தொடக்கத்திலிருந்து மீதமிருந்தது 50,000 கோடி டன். 67 விழுக்காடு வாய்ப்பு வேண்டும் என்றால் 40,000 கோடி டன்தான். 1850 முதல் 2019 வரை உலகம் வெளியேற்றியதோ சுமார் 2,39,000 கோடி டன். இப்போது ஆண்டுக்குச் சுமார் 4,000 கோடி டன் போகிறது. அப்படியானால் 2020 முதல் 2024 வரையிலான ஐந்து ஆண்டுகளிலேயே ஏறத்தாழ 20,000 கோடி டன் கரைந்துவிட்டது. எந்த வெப்பநிலைக்கு, எந்த வாய்ப்புக்கு, எந்த ஆண்டிலிருந்து என்ற மூன்றையும் சொல்லாமல் யாராவது வெறும் எண்ணைச் சொன்னால் அதை நம்பி எந்தக் கொள்கையும் வகுக்க முடியாது.

சரி, சொல்லுக்கு வருவோம். ‘கார்பன்’ லத்தீனில் கரியைக் குறிக்கும் ‘கார்போ’விலிருந்து வந்தது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சு வேதியியலாளர் லவாசியே அதைத் தனிமத்தின் பெயராக்கினார். நம் ‘கரிமம்’ என்ற ஆக்கமும் கரியிலிருந்து பிறந்ததுதான். ‘பட்ஜெட்’டின் வேர் தோல்பையைக் குறித்த ‘புல்கா’ என்ற லத்தீன் சொல். பிரெஞ்சில் சிறு பையாகி, ஆங்கிலத்துக்குப் போய், 18ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் நிதியமைச்சர் ‘பையைத் திறந்து’ நாட்டின் கணக்கைச் சொல்வதைக் குறிக்கத் தொடங்கியது.

இதைத் தமிழில் ‘கரிம வரவு செலவுத் திட்டம்’ என்று எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இங்கே செலவு மட்டுமே உண்டு, வரவு கிடையாது. காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி எடுத்தால் அது வரவாகாதா என்று கேட்கலாம். அதை உமிழ்விலிருந்து கழித்து நிகர உமிழ்வு என்கிறார்கள்; வரம்பு அதனால் உயர்வதில்லை. வரவு செலவு என்பது இன்னொரு பொருளுக்குப் பொருந்தும். காடு, கடல், காற்று, மண் ஆகியவற்றுக்கிடையே கார்பன் போய்வரும் கணக்கையும் அறிவியலாளர்கள் கார்பன் பட்ஜெட் என்றே சொல்கிறார்கள். அதற்குக் ‘கரிம வரவு செலவுக் கணக்கு’ என்பது நல்ல பெயர்.

உச்ச வரம்பைக் குறிக்கக் ‘கரிமப் பாதீடு’தான் என் தேர்வு. பாத்தல் என்றால் பகுத்தல். பாதீடு என்பது பகுத்துக் கொடுத்தல். தொல்காப்பியம் வெட்சித் திணையின் துறைகளில் ஒன்றாக இதைச் சொல்கிறது: கவர்ந்து வந்த ஆநிரையை வீரர்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது. கையில் இருப்பது இவ்வளவுதான், யாருக்கு எவ்வளவு என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. காலநிலைக் கொள்கையின் கடினமான கேள்வியும் அதுவேதான். மொத்த அளவை மாதிரிகள் மதிப்பிட்டுத் தரும். மக்கள்தொகைப்படி பங்கிடுவதா, இதுவரை அதிகம் வெளியேற்றிய நாடுகளின் பங்கைக் குறைப்பதா என்பதை எந்தக் கணினியும் சொல்லாது. ஏற்கெனவே பெரும்பங்கை எடுத்துக்கொண்ட நாடுகள் இன்று சமபங்கு பேசுவது நியாயமில்லை என்றே நான் நினைக்கிறேன்.

காலத்தைப் பொறுத்தும் பங்கீடு உண்டு. 2021இல் ஜெர்மனியின் அரசியல் சட்ட நீதிமன்றம் அந்நாட்டுக் காலநிலைச் சட்டத்தின் சில பிரிவுகளை ஏற்க மறுத்தது. பாதீட்டின் பெரும்பகுதியை 2030க்குள் தீர்த்துவிட்டால் பின்னால் வருபவர்களின் சுதந்திரம் சுருங்கிவிடும் என்பது அதன் வாதம். பிரிட்டனோ 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் பாதீடு வகுக்கிறது. அதில் மீத்தேன் போன்ற மற்ற பசுங்குடில் வாயுக்களும் சேரும் என்பதால், உலகப் பாதீட்டு எண்ணோடு அதை நேராக ஒப்பிட முடியாது.

மொழிபெயர்ப்பவர்களுக்கு ஒன்று: சில அறிக்கைகள் கார்பனின் எடையையும் சில அறிக்கைகள் கார்பன் டை ஆக்சைடின் எடையையும் தருகின்றன. 1 டன் கார்பன் என்பது சுமார் 3.67 டன் கார்பன் டை ஆக்சைடு. ‘கரிமம்’ என்று மட்டும் எழுதினால் எந்த எடை என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.