இரட்டை அம்புக்குறி எதை எண்ணுகிறது?

வாசகி ஒருவர் கேட்கிறார்: "வாட்ஸ்அப்பில் அனுப்புவதை அந்த கம்பெனியாலேயே படிக்க முடியாதாம். அப்புறம் எப்படி, பல கை மாறி வந்த செய்தி என்று இரட்டை அம்புக்குறி போடுகிறார்கள்?"

என்கிரிப்ஷன் பற்றி ஏற்கெனவே கேள்விப்பட்டிருப்பீர்கள். உங்கள் போன் செய்தியைப் பூட்டுகிறது, பெறுபவரின் போன் திறக்கிறது; நடுவிலுள்ள சர்வர் பார்ப்பது பூட்டிய பெட்டியை மட்டும். சரி, எண்ணுவது யார்? உங்கள் போனேதான்.

பெட்டிக்குள் செய்தியோடு ஒரு சின்ன எண்ணும் போகிறது. அத்தை தானே டைப் செய்து அனுப்பியதில் அது 0. நீங்கள் ஃபார்வர்டு செய்தால் உங்கள் போன் அதை 1 ஆக்கி மறுபடி பூட்டுகிறது. அடுத்தவர் அனுப்பினால் 2. ஐந்தைத் தொட்டால் இரட்டை அம்பு. இதில் எனக்குப் பிடித்த நுணுக்கம்: எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அந்த எண்ணுக்குத் தெரியவே தெரியாது. நீங்கள் நான்கு பேருக்கு அனுப்பினாலும் நான்கு பிரதியிலும் அதே 1தான். பாட்டிக்கு எத்தனை பேரப்பிள்ளைகள் என்பதல்ல, இந்தப் பிள்ளை எத்தனையாவது தலைமுறை என்பதே கணக்கு. யாரையும் வேவு பார்க்காமல் வதந்தியின் வயதைச் சொல்லிவிடுகிறது!

பிள்ளைபிடிப்பவர்கள் வந்திருப்பதாகப் பரவிய வதந்தியால் 2018இல் பல உயிர்கள் போயின. மே மாதம் போளூர் அருகே, கோயிலுக்கு வந்த சென்னை மூதாட்டி ஒருவரை அடித்தே கொன்றார்கள். ஜூலையில் வாட்ஸ்அப், ஒரே நேரத்தில் ஃபார்வர்டு செய்வதற்கு மற்ற நாடுகளில் 20 சாட், இந்தியாவில் 5 சாட் என்று வரம்பு வைத்தது. ஒவ்வொருவரும் 20 பேருக்கு அனுப்பினால், ஐந்தாவது கை மாறும்போது 32 லட்சம் பிரதிகள். 5 என்றால் 3,125. கொரோனா காலத்தில், 2020 ஏப்ரலில், இரட்டை அம்புச் செய்தியை ஒரு தடவைக்கு ஒரே சாட்டுக்குத்தான் அனுப்பலாம் என்றாக்கினார்கள். அத்தகைய ஃபார்வர்டுகள் 70 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனமே சொன்னது. அந்த ஒரு சாட் பெரிய குரூப்பாகவும் இருக்கலாம், அது வேறு விஷயம்.

அம்பு இருந்தால் பொய் என்று அர்த்தமில்லை. ரோஜாப்பூ போட்ட காலை வணக்கத்துக்கும் அது விழும். அம்பு இல்லாததால் உண்மை என்றும் ஆகாது. காப்பி செய்து ஒட்டினால் எண் மறுபடி 0. 'பதினொரு பேருக்கு எழுதாவிட்டால் சாமி குத்தம்' என்று அந்தக் காலத்தில் கையால் எழுதி வந்த தபால் கார்டு மாதிரி, ஒவ்வொன்றும் புத்தம்புதுசு.

எங்கள் குடும்ப குரூப்பில், இரவு 12.30 முதல் 3.30 வரை காஸ்மிக் கதிர் பாயும், போனை அணையுங்கள் என்ற பழைய புரளி மறுபடி வந்தது. ஓர் அம்புகூட இல்லை. கடைசி வரியில் மட்டும், "எனக்கு வந்ததை அப்படியே அனுப்பியிருக்கிறேன்" என்பதும் சேர்ந்தே காப்பியாகி வந்திருந்தது.