விரல் காய்த்தால் கை பழகிவிட்டதாக அர்த்தம் இல்லை

சுண்டுவிரல் மரத்துப்போய் மாதக்கணக்கான பிறகும், ஒத்துக்கொண்ட ரெக்கார்டிங்கை எல்லாம் முடித்துக் கொடுத்துவிட்டு, கார்டு (பல கம்பிகளை ஒன்றாக அழுத்தி எழுப்பும் சுரக்கூட்டு) பிடிக்கவே முடியாத நிலையில் வந்து உட்காரும் ஸ்டுடியோ கிடார் கலைஞர்களைப் பார்த்துப் பார்த்து மனம் வெறுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். கைக்கான பிசியோதெரபி என் தொழில். இசைக் கலைஞர்கள் நிறையப் பேர் என்னிடம் வருகிறார்கள். பெரும்பாலும் தாமதமாகத்தான் வருகிறார்கள்.

அண்மையில் வந்தவர், எதைக் கையில் கொடுத்தாலும் வாசிப்பார் என்று பெயரெடுத்தவர். காலையில் நைலான் கம்பி கிடாரில் மெல்லிய பாட்டு, மதியம் ட்வெல்வ் ஸ்ட்ரிங்கில், அதாவது பன்னிரண்டு கம்பி கிடாரில், ஸ்ட்ரம்மிங், சாயங்காலம் எலக்ட்ரிக்கில் ராக், ராத்திரி வீட்டில், ஏற்கெனவே பதிவான பாட்டின்மேல் சேர்க்கும் மாண்டலின் ஓவர்டப். இதுதான் அவருடைய சாதாரண நாள். இடது கையை மேசைமேல் வைக்கச் சொன்னேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, புறங்கைப் பக்கம் மேடாக இருக்க வேண்டிய தசை வற்றிக் குழிந்திருந்தது. அந்த இரண்டு விரலுக்கும் இடையில் ஒரு காகிதத்தை இறுக்கிப் பிடிக்கச் சொல்லி லேசாக இழுத்தேன். காகிதத்தை விடாமல் பிடிக்க, கட்டைவிரலின் நுனி மூட்டு தானாக மடங்கியது. முழங்கையின் உள்பக்கமாக ஓடும் அல்நார் நரம்பு நெடுநாளாக நசுங்கிக் கிடந்தால் கை இப்படி நடந்துகொள்ளும்.

"மரமரப்பு ரொம்ப நாளாவே இருக்கு டாக்டர். வலி இல்லையே, அதான் விட்டுட்டேன். விரல் நுனி எல்லாம் நல்லா காய்ச்சுப்போயிருக்கு, கை பழகிடுச்சுன்னு நெனச்சேன்."

இந்த வாக்கியத்தை எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டுவிட்டேன்! கிடார் உலகத்தில் இதைவிடத் தீங்கான நம்பிக்கை வேறு இல்லை. அதனால் இதை மட்டும் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விரல் நுனி காய்ப்பது தோலின் வேலை. கம்பியில் உரசிக்கொண்டே இருந்தால் தோல் தடிமனாகிறது. புதிதாகக் கற்பவருக்கே சில வாரங்களில் இது வந்துவிடும். அது தோலோடு முடிந்தது. கம்பியை அழுத்தும் விசை விரலிலிருந்து வருவதில்லை. விரலை மடக்கும் முக்கியத் தசைகள் முன்கையில் இருக்கின்றன. வலது கையால் இடது முன்கையின் உள்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, இடது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பாருங்கள். அசைவது எங்கே என்று தெரியும். அந்தத் தசைகளின் இழுவையை விரலுக்குக் கொண்டுவருவது நீண்ட தசைநாண்கள். மணிக்கட்டில் ஒரு குறுகலான பாதை இருக்கிறது. அதற்குள் ஒன்பது தசைநாண்களும், கட்டைவிரல் பக்கத்து விரல்களுக்குப் போகும் மீடியன் நரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. மணிக்கட்டை அதிகம் மடக்கினால் அந்தப் பாதைக்குள் அழுத்தம் ஏறும்.

தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு. புது வேலைக்கு அது பழக மாதங்கள் ஆகும், அடிபட்டால் ஆறவும் மாதங்கள் ஆகும். நரம்பு அழுத்தத்துக்குப் பழகுவதே இல்லை, கெட்டுத்தான் போகும். ஆக, தோல் காய்த்த கையில் தசைநாண் வீங்கியிருக்கலாம், நரம்பு நசுங்கியிருக்கலாம். காய்ப்பைத் தொட்டுப் பார்த்து இதில் எதையும் கண்டுபிடிக்க முடியாது. காய்த்த தோலில் உணர்ச்சி மந்தமாக இருப்பதால், நரம்பினால் வரும் மரமரப்பைக்கூட "காய்ப்புதான்" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். காய்ப்பு விரல் நுனியில்தான் இருக்கும். மரமரப்பு விரலின் பக்கவாட்டிலோ உள்ளங்கையிலோ தெரிந்தால் அது காய்ப்பு அல்ல.

அடுத்தது, பல வாத்தியம் வாசிப்பவர்களுக்கே உரிய சிக்கல். "நான் ஒரே கிடாரை நாள் முழுக்க வாசிக்கிறதில்லையே, மாத்தி மாத்தித்தானே வாசிக்கிறேன்" என்று ஆறுதலாகச் சொல்வார்கள். மாற்றி வாசிப்பது நல்லதுதான், கைக்கு அதைப் பழக்கியிருந்தால். நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிடாரின் கழுத்து, தலைப்பக்கத்தில் ஏறக்குறைய 52 மில்லிமீட்டர் அகலம். எலக்ட்ரிக்கில் அதே இடம் 42, 43 மில்லிமீட்டர்தான். கிடார் கம்பியின் அதிரும் நீளம் 650 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். மாண்டலினில் அது 350. நைலான் கம்பிகள் ஆறும் சேர்ந்து 35 முதல் 40 கிலோ வரை இழுக்கும். உலோகக் கம்பி அக்கூஸ்டிக்கில் லைட் கேஜ் என்ற மெல்லிய கம்பி போட்டாலே 70 கிலோவை ஒட்டிவிடும். ட்வெல்வ் ஸ்ட்ரிங்கில் 100 கிலோவைத் தாண்டும். இந்த மொத்த இழுவையையும் விரல் தாங்குவதில்லை, கழுத்துதான் தாங்குகிறது. ஆனால் ட்வெல்வ் ஸ்ட்ரிங்கில் ஒரே விரலை எல்லாக் கம்பிக்கும் குறுக்கே படுக்கவைக்கும் பார் கார்டைப் பிடிக்க ஆறு கம்பிக்குப் பதில் பன்னிரண்டு கம்பியை அமுக்க வேண்டும். நைலானில் மணிக்கட்டு ஒரு கோணம், எலக்ட்ரிக்கில் கட்டைவிரல் மேலே ஏறி இன்னொரு கோணம், மாண்டலினில் விரல்கள் நெருங்கி வேறொரு கோணம். ஒவ்வொன்றையும் தினமும் கொஞ்சம் வாசிப்பவருக்குச் சிக்கல் வராது. மூன்று மாதமாகத் தொடாத வாத்தியத்தை, போன் வந்தது என்பதற்காக எடுத்து ஒரே நாளில் நான்கு மணி நேரம் வாசிப்பவருக்குத்தான் வருகிறது.

அமெரிக்க ஸ்டுடியோக்களில் கொடிகட்டிப் பறந்த டாமி டெடெஸ்கோ (1930–1997) மாண்டலினோ வேறு கம்பி வாத்தியமோ எது கையில் வந்தாலும் கிடாரைப் போலவே சுருதி கூட்டிக்கொள்வார். புது விரல் வடிவங்களைக் கற்க வேண்டியதில்லை. எழுதித் தரும் இசைக் குறிப்பை (சார்ட்) பார்த்து நேராக வாசித்துவிடலாம். கெட்டிக்கார வழிதான். ஆனால் அதனால் மிச்சமாவது மூளைக்கான வேலை. கம்பிகளுக்கு இடையிலான தூரமும் இழுவையும் கைக்கு அப்படியேதான் இருக்கும். இளைஞர்கள் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஸ்டுடியோவுக்கென்றே சில ஆபத்துகள் உண்டு. மேடையில் ஒரு பாட்டை ஒருமுறை வாசித்தால் போதும். ஸ்டுடியோவில் அதே எட்டு பாரை (தாள அளவில் எட்டுச் சுற்று) திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும். அங்கே பிசகிய இடத்தை மட்டும் திரும்பப் பதியும் ஒரு பஞ்ச்-இன், இங்கே அதே பகுதியை இரண்டாம் முறை பதியும் ஒரு டபுள் டிராக், "இன்னும் ஒரே ஒரு டேக்" என்று ஒரே தசை, ஒரே கோணம், இடைவெளியே இல்லாமல் ஓடும். மைக் பக்கத்தில் இருப்பதால் சின்ன இரைச்சலும் பதிவாகிவிடும் என்று பயந்து தேவைக்கு மேல் அழுத்துகிறார்கள். இதோடு ஹெட்போன் மிக்ஸ். தாளம் காட்டும் க்ளிக்கும் டிரம்ஸும் சத்தமாக, தன் கிடார் மட்டும் தூரத்தில் கேட்டால் எந்தக் கலைஞரும் தன்னையறியாமல் இன்னும் பலமாகத்தான் வாசிப்பார். கை வலி என்று வருபவர்களிடம் நான் ஹெட்போன் பற்றிக் கேட்டால் வியப்பாகப் பார்க்கிறார்கள். க்ளிக்கைக் குறைத்து, உங்கள் கிடாரை ஏற்றித் தரச் சொல்லுங்கள். கை தானாகத் தளரும், காதுக்கும் அது நல்லது.

வலி வந்த பிறகு செய்வதெல்லாம் இன்னும் மோசம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு செஷனுக்குப் போவது, வேகத்தைக் குறைக்கச் சொல்லும் எச்சரிக்கையைத் துணி போட்டு மூடிவிட்டு வண்டி ஓட்டுவது மாதிரி. மணிக்கட்டுப் பட்டையைக் கட்டிக்கொண்டு வாசிப்பதும் வேண்டாம். ராத்திரி தூங்கும்போது கட்டுவதற்கு அதில் பயன் உண்டு; வாசிக்கும்போது கட்டினால் மணிக்கட்டு செய்யாத வேலையை முழங்கையும் தோளும் செய்யும். ஸ்டீராய்டு ஊசி சில நோய்களுக்கு நன்றாக வேலை செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அடுத்த வாரம் ரெக்கார்டிங் இருக்கிறது என்பதற்காக ஒரே இடத்தில் மறுபடி மறுபடி போட்டுக்கொண்டால் தசைநாண் பலவீனமாகும், அறுந்துபோகவும் கூடும். ஊசி போட வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும், உங்கள் கால்ஷீட் முடிவு செய்யக் கூடாது.

ஓய்வு எடுக்கிறேன் பேர்வழி என்று ஒரு மாதம் கிடாரைத் தொடாமல் இருந்துவிட்டு, திரும்ப எடுத்த முதல் நாளே ஐந்து மணி நேரம் வாசிப்பவர்களுக்கு என்ன சொல்வது? சும்மா இருந்த தசைநாண் இன்னும் வலுவிழந்திருக்கும். பத்து நிமிடம் வாசித்து, பத்து நிமிடம் ஓய்வு, மறுநாள் வலி ஏறவில்லை என்றால் கொஞ்சம் கூட்டுவது. இந்தச் சலிப்பான வழியைத் தவிர எனக்கு வேறு வழி தெரியாது.

இனி நான் சொல்லப்போவது வலியே இல்லாத ஒரு நோயைப் பற்றி. வேகமான ஓட்டத்தில் ஒரு விரல் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காமல் உள்பக்கம் சுருளும், அல்லது விறைத்து நீட்டிக்கொள்ளும். டீ கோப்பை பிடிக்க, எழுத, சட்டைப் பொத்தான் போட எந்தச் சிரமமும் இருக்காது. கிடாரை எடுத்தால் மட்டும் வரும். இது ஃபோக்கல் டிஸ்டோனியா. கையில் எந்தக் கோளாறும் இல்லை. விரல்களைத் தனித்தனியாக இயக்கும் மூளையின் கட்டளைகள் ஒன்றோடொன்று கலந்துவிடுவதுதான் நோய். லியோன் ஃப்ளைஷர் என்ற பியானோ மேதைக்கு 1960களின் நடுவில் வலது கையின் கடைசி இரண்டு விரல்கள் இப்படித்தான் சுருண்டன. இடது கைக்கென்றே எழுதப்பட்ட இசையைப் பல ஆண்டுகள் வாசித்தார். 1990களில் சிகிச்சைக்குப் பிறகுதான் இரண்டு கையாலும் மேடையேறினார். பில்லி மெக்லாஃப்லின் என்ற கிடார் கலைஞர், இடது கை இந்த நோயில் விழுந்த பிறகு, கிடாரைத் திருப்பிப் பிடித்து இடதுகைக்காரராக முதலிலிருந்து கற்றுக்கொண்டார்.

இந்த நோயில் எல்லோரும் செய்யும் முதல் வேலை, பயிற்சியை இரண்டு மடங்காக்குவது. "பிராக்டிஸ் பத்தலை போல" என்று இரவு பகலாக அதே ஓட்டத்தை வாசிப்பார்கள். தவறான கட்டளை அதனால் இன்னும் ஆழமாகப் பதியும். கெஞ்சிக் கேட்கிறேன்: நன்றாக வாசித்துக்கொண்டிருந்த ஒரு வரியில் ஒரு விரல் மட்டும் காரணமில்லாமல் வாரக்கணக்கில் தடுமாறினால், அந்த வரியை நிறுத்திவிட்டு நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். இதை வெளியே சொன்னால் வாய்ப்பு போய்விடும் என்று மறைப்பது எனக்குத் தெரியும். மருத்துவரிடம் மறைக்க வேண்டிய அவசியம் இல்லையே.

சரி, செய்ய வேண்டியவை.

நாளைக்கு எந்த வாத்தியம் என்று செஷனுக்கு முன்பே கேளுங்கள். பல நாளாகத் தொடாத ஒன்றாக இருந்தால் ஒரு வாரம் முன்னதாகவே தினமும் பத்து, பதினைந்து நிமிடம் எடுத்துப் பழகுங்கள். எல்லாக் கிடாரையும் நல்ல ஆளிடம் கொடுத்து, கம்பி உயரம் முதலியவற்றைச் சரிசெய்து செட்டப் செய்துவையுங்கள். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) கம்பி தேவையில்லாமல் உயர்ந்து நிற்கும் அக்கூஸ்டிக்கோடு மல்லுக்கட்டுவதில் வீரம் எதுவும் இல்லை. ட்வெல்வ் ஸ்ட்ரிங்கை அரை சுரம் இறக்கிக் கூட்டி முதல் ஃப்ரெட்டில் கம்பிகளை அமுக்கிப் பிடிக்கும் கேப்போ என்ற கவ்வியைப் போடுங்கள். ஒலி அதே சுருதியில் வரும், கம்பி தளர்வாக இருக்கும்.

எவ்வளவு அழுத்த வேண்டும் என்று உங்கள் கைக்குத் தெரியாது, நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும். ஒரு சுரத்தைப் பிடித்து மீட்டிக்கொண்டே, கம்பி இரையும் வரை விரலைத் தளர்த்துங்கள். பிறகு ஒலி சுத்தமாகும் இடம் வரை மட்டும் அழுத்துங்கள். அவ்வளவுதான் தேவை. அதேபோல் ஒரு கார்டைப் பிடித்துக்கொண்டு கட்டைவிரலைக் கழுத்திலிருந்து மெல்ல எடுத்துப் பாருங்கள். கார்டு முழுதாகக் கலைந்துபோனால், இத்தனை நாளும் கையின் எடையைப் பயன்படுத்தாமல் கட்டைவிரலால் நெரித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

குளிரூட்டிய அறைக்குள் நுழைந்ததும் வேகமாக எதையும் வாசிக்காதீர்கள். கை சூடாகும் வரை மெதுவாக வாசியுங்கள். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை கிடாரைக் கீழே வையுங்கள். மடியில் வைத்துக்கொண்டு கதை பேசுவது ஓய்வு அல்ல, முழங்கை மடங்கியேதான் இருக்கிறது. அந்த இடைவெளியில் போனை எடுத்துப் பார்க்காதீர்கள், அதுவும் அதே மடங்கிய முழங்கைதான்.

சுண்டுவிரல், மோதிர விரல் மரத்தால் அல்நார் நரம்பு. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்து, ராத்திரியில் கையை உதறிக்கொண்டு எழுந்தால் மீடியன் நரம்பு. காலையில் விரல் மடங்கிச் சிக்கிக்கொண்டு 'டக்'கென்று நிமிர்ந்தாலோ, கம்பியை மீட்டும் பிக் கையிலிருந்து நழுவினாலோ, இன்றைய வலி நாளைக் காலையிலும் இருந்தாலோ இரண்டு வாரத்துக்கு மேல் காத்திருக்காதீர்கள். புறங்கைத் தசை குழிந்திருந்தால் ஒரு நாள்கூட வேண்டாம்.

ஒலிப்பதிவாளர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் "முடியல" என்று சொல்ல மாட்டார். சொன்னால் அடுத்த போன் வேறொருவருக்குப் போகும் என்ற பயம் அவருக்கு. அதனால் இடைவேளையை நீங்கள் அறிவியுங்கள். ட்வெல்வ் ஸ்ட்ரிங் டிராக்குகளை எல்லாம் ஒரே மூச்சில் எடுக்காமல் நடுவில் வேறொன்றை எடுங்கள். நல்ல டேக் கிடைத்துவிட்ட பிறகு, "சும்மா ஒரு சேஃப்டிக்கு" என்று கேட்கும் முன் ஒருமுறை யோசியுங்கள்.

பரிசோதனைக்கு வரும்போது வெறுங்கையோடு வராதீர்கள். பிடித்த கிடாரை அல்ல, எதை வாசித்தால் அதிகம் தொல்லை வருகிறதோ அந்தக் கிடாரைக் கொண்டுவாருங்கள். நீங்கள் ஸ்டுடியோவில் உட்காரும் அதே உயரத்தில் உட்கார்ந்து, தொல்லை தரும் அதே பாரை, அதே வேகத்தில் வாசித்துக் காட்ட வேண்டும். முடிந்தால் வீட்டிலேயே பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் ஒரு வீடியோ எடுத்து வாருங்கள். தோள் தூக்கிக்கொண்டிருப்பது அதில்தான் தெரியும்.