விழுந்த பிறகு அளவெடுக்க வராதீர்கள்

போன மாதம் ஒரு தம்பி சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு, ஆளுக்கு அளவெடுத்துச் சைக்கிள் பிறேம் செய்கிற என் பட்டறைக்கு வந்தார். ஆள் ஆறடிக்கு மேல், சைக்கிள் அவருடைய மாமா ஓடியது. முழங்கால் நிமிர்வது காணாது என்று சீற்றை உயர்த்தி உயர்த்தி, சீற் கம்பியில் இதற்கு மேல் இழுக்கக்கூடாது என்று வெட்டியிருக்கும் கோடு நாலு விரல் வெளியே தெரிய ஓடியிருக்கிறார். வல்லிபுரக் கோயிலுக்குப் பின்னால் கடலுக்குப் போகிற மணலில் ஒரு பள்ளத்தில் இறங்கியதும் குழாய் வாய் பிளந்துவிட்டது. நல்லகாலம், விழுந்ததும் மணலில்தான்.

எங்கள் யாழ்ப்பாணத்தில் சைக்கிள் உழக்கத் தெரியாதவர் குறைவு. தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாமல் விறகு, நோயாளி, கல்யாணச் சாமான் எல்லாம் சைக்கிளில்தான் போனது, 2022 இல் பெற்றோல் வரிசையில் நின்று களைத்தவர்களும் மூலையில் கிடந்ததைத் துடைத்து எடுத்தார்கள். அதனாலேயே இதற்கெல்லாம் அளவு வேண்டுமா என்று கேட்கிறோம். தார் வீதியில் சந்தைக்குப் போய்வரத் தேவையில்லைதான். மணலிலும் கல்லிலும் இரண்டு மணி நேரம் ஓடப் போகிறவருக்குத் தேவை.

வீட்டிலேயே பார்க்கலாம். வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, ஒரு கொப்பியைக் கால்களுக்கு நடுவே சீற் மாதிரி இறுக்கி உயர்த்தி, அதன் மேல் விளிம்பிலிருந்து நிலம் வரை அளவுங்கள். அதை 0.883 ஆல் பெருக்கினால், இரண்டு பெடலையும் சேர்த்துச் சுற்றுகிற நடு அச்சின் மையத்திலிருந்து சீற்றின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம் ஏறத்தாழ வரும். 81 சென்ரிமீற்றர் என்றால் 71.5. இது தொடக்கம் மட்டும்தான், மணலுக்கும் பள்ளத்துக்கும் போகிறவர்களுக்கு நான் ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் இறக்கி வைப்பேன், சட்டென்று காலூன்ற வேண்டிவரும் என்பதால். முழங்காலின் முன்பக்கம் நொந்தால் பெரும்பாலும் சீற் பதிவு, பின்பக்கம் நொந்தால் உயரம். சின்னவிரலும் மோதிரவிரலும் விறைக்கிறதா? ஹாண்டில் தூரமாக இருக்கலாம், அல்லது சீற்றின் மூக்கு கீழே சரிந்து உடம்புப் பாரமெல்லாம் உள்ளங்கையில் இறங்கி அங்கே ஓடும் நரம்பை அமுக்கலாம். கையுறை வாங்குமுன் சீற்றை மட்டமாக்கிப் பாருங்கள்.

என் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவான ஒரு தங்கச்சிக்கு முதல்முதலாகப் பிறேம் செய்தபோது, பெரிய சில்லு கல்லில் லேசாக ஏறும் என்று 29 அங்குலச் சில்லைப் பூட்டினேன். வீதியில் அருமையாக ஓடியது. மணற்காட்டு மணல்மேட்டில் மெதுவாக ஹாண்டிலைத் திருப்பினார், சப்பாத்து நுனி முன்சில்லில் மாட்டியது, அப்படியே சரிந்தார். வேகமாக ஓடும்போது ஹாண்டில் அவ்வளவு திரும்புவதில்லை, அதனால் வீதியில் அது தெரியவரவில்லை. இரண்டாவது பிறேமில் 27.5 சில்லு போட்டு, முன்பக்கத்தை நீட்டி, முன்சில்லைப் பிடிக்கும் போர்க்கை இன்னும் சாய்த்தேன். அதற்குப் பிறகு யாருக்குச் செய்தாலும் குழாய் வெட்டுமுன் பாதத்துக்கும் முன்சில்லுக்கும் இடையில் எத்தனை விரல் இருக்கிறது என்று சுவரில் முழு அளவில் கீறிப் பார்க்கிறேன்.

கையால் செய்த சைக்கிள் பணக்காரர் விளையாட்டு என்று சிலர் சிரிப்பார்கள். மலைச் சைக்கிளே அப்படிப் பிறந்ததுதான்: கலிபோர்னியாவின் மரின் பகுதியில் பழைய தடித்த ரயர்ச் சைக்கிள்களை மலையிலிருந்து இறக்கி உடைத்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ், அந்த ஓட்டத்துக்கென்றே 1977 இல் கையால் பிறேம் செய்தார்.

இங்கே கவனிக்க வேண்டியது வேறு. பிறேம் செய்கிற குரோமொலி என்ற கலப்பு உருக்குக் குழாயின் சுவர் சில இடங்களில் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. கிறில் கேற் ஒட்டுகிற இடத்தில் கொடுத்தால் ஓட்டை விழும், இல்லையென்றால் மேலே வடிவாக இருந்து பக்கத்தில் வெடிக்கும். பித்தளை உருக்கி ஒட்டத் தெரிந்தவரிடம் போங்கள். எங்கள் உப்புக்காற்றுக்கு இரும்புக்குழாய் உள்ளிருந்துதான் துருப்பிடிக்கும். அந்த நடு அச்சு இருக்கும் கூட்டின் அடியில் தண்ணீர் வடிய ஒரு சிறு துளையும், குழாய்க்குள் எண்ணெய்ப் பூச்சும் கட்டாயம்.

மணலுக்குள் போகுமுன் காற்றை இறக்க மறக்காதீர்கள். 2.2 அங்குல ரயரென்றால் மெலிந்த ஆளுக்கு 20 பி.எஸ்.ஐ. அளவில் தொடங்கலாம். பழைய மெல்லிய ரயரில் இதைச் செய்தால் ரிம் ரியூப்பைக் கடித்துப் பக்கத்துப் பக்கமாக இரண்டு ஓட்டை போடும். பனங்கருக்குக்கு எந்தக் காற்றும் ஒன்றுதான், ஒட்டுச் சாமான் பையில் இருக்கட்டும். மணலில் முன் பிறேக்கைத் தொடாமல், லேசான கியரில், பாரத்தைக் கொஞ்சம் பின்னுக்குக் கொடுத்து உழக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

இன்னொன்று, இதில் விளையாட்டே இல்லை. முகமாலைப் பக்கம் மிதிவெடி என்று மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்டால் ஒரு சாணும் உள்ளே போகாமல் வந்த தடத்திலேயே திரும்புங்கள். காணொளியில் யாரோ போனதைப் பார்த்தேன் என்ற கதை வேண்டாம்.

அளவெடுக்க வருகிறவர்கள் சாரத்தோடு வராதீர்கள், அடிக்கடி நடக்கிறது. ஓடும்போது போடும் சப்பாத்தும் இப்போது ஓடும் சைக்கிளும் வேண்டும். அந்தப் பழைய சீற் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.