சீரியல் லாகின்: எஸ்டிடிஒய் கட்டளையில் போட்டது ஏன் நிலைப்பதில்லை?

லினக்ஸ் சர்வரின் சீரியல் லைனில் பெரிய கோப்பைக் காட்டினால் நடுநடுவே எழுத்துகள் விழுங்கப்படுகின்றன. டெர்மினல் அமைப்புகளை மாற்றும் எஸ்டிடிஒய் கட்டளை கொண்டு ஆர்டிஎஸ்/சிடிஎஸ் ஃப்ளோ கன்ட்ரோலை (எதிர்முனை தயாராகும்வரை அனுப்பாமல் நிறுத்திவைக்கும், தனிக் கம்பிகள் வழியான ஏற்பாடு) போட்டதும் சரியாகிறது. லாக்அவுட் செய்து திரும்ப வந்தால் மறுபடி அதே தொல்லை.

எஸ்டிடிஒய் எதையும் கோப்பில் எழுதிவைக்காது. அந்த டிடிஒய்க்கு, அதாவது டெர்மினல் லைனுக்கு, கர்னல் நினைவில் வைத்திருக்கும் டெர்மியோஸ் மதிப்புகளை (லைனின் அமைப்புகளை) மாற்றும், அவ்வளவுதான். ஷெல் முடிந்ததும், சேவைகளை நடத்தும் சிஸ்டம்டி, லாகின் கேட்கும் நிரலான ஏகெட்டியைப் புதிதாக எழுப்புகிறது. அது கன்ட்ரோல் கொடிகளை எட்டு பிட், பாரிட்டி இல்லை என்று துடைத்து எழுதுகிறது. நீங்கள் போட்ட ஃப்ளோ கன்ட்ரோல் அங்கேதான் போகிறது. வேடிக்கை என்னவென்றால், வேகத்தின் கதை நேர்மாறு. ஏகெட்டியை எப்படி ஓட்டுவது என்று சிஸ்டம்டிக்குச் சொல்லும் சீரியல்-கெட்டி யூனிட் கோப்பில் பெரும்பாலும் 'கீப்-பாட்' என்ற விருப்பம் இருக்கும். லைனில் ஏற்கெனவே உள்ள வேகத்தை அது அப்படியே பிடித்துக்கொள்ளும். யாராவது 9600க்கு மாற்றிவிட்டுப் போனால் அடுத்தவருக்கும் 9600தான், திரையில் குப்பை எழுத்துதான். அப்போது பிரேக் என்ற சிறப்பு சிக்னலை அனுப்பினால் பட்டியலில் உள்ள மற்ற வேகங்களுக்கு ஏகெட்டி நகரும். மினிகாம் என்ற சீரியல் டெர்மினல் நிரலில் பிரேக் அனுப்ப கன்ட்ரோல்-ஏ, பிறகு எஃப்.

நிரந்தரத் தீர்வு யூனிட்டில்தான். சிஸ்டம்சிடிஎல் எடிட் மூலம் அந்தப் போர்ட்டின் சீரியல்-கெட்டி யூனிட்டைத் திறந்து, சர்வீஸ் பகுதியில் முதலில் ஒரு வெற்று எக்ஸெக்ஸ்டார்ட் (எந்தக் கட்டளையை ஓட்டுவது என்று சொல்லும்) வரி போடுங்கள். இதை விட்டுவிட்டால் இரண்டு எக்ஸெக்ஸ்டார்ட் இருக்கிறது என்று சிஸ்டம்டி யூனிட்டையே ஏற்காது. அடுத்த எக்ஸெக்ஸ்டார்ட் வரியில் ஏகெட்டிக்குச் சிறிய 'எச்' கொடி (ஆர்டிஎஸ்/சிடிஎஸ்ஸைப் போடுவது), ஒரே வேகமாக 115200, கீப்-பாட் வேண்டாம். பிறகு யூனிட்டை ரீஸ்டார்ட் செய்யுங்கள். கர்னல் வரியின் கன்சோல் வேகமும் பூட்லோடரான கிரப்பின் வேகமும் இதே எண்ணாக இருக்கட்டும்.

முன்னதாகக் கேபிளைப் பாருங்கள். டிஎக்ஸ், ஆர்எக்ஸ், கிரவுண்ட் என்று மூன்றே கம்பி இருந்தால் 'எச்' கொடி போடவே கூடாது. சிடிஎஸ் வராமல் வெளியீடு உறைந்துவிடும். அப்படிப்பட்ட கேபிளுக்குப் பெரிய 'எல்' கொடிதான் தேவை; கேரியர் சிக்னலுக்காக (எதிர்முனை இணைந்திருப்பதைக் காட்டுவது) காத்திருக்க வேண்டாம் என்று அது சொல்கிறது.

ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறு இயங்குதளத்தில் வழி வேறு. லைனைக் கடைசியாக வைத்திருந்த நிரல் மூடியதும் எல்லாம் ஆரம்ப மதிப்புக்குத் திரும்பும். அந்த ஆரம்ப மதிப்பு டிடிஒய்யு0.இனிட் என்ற தனிச் சாதனத்தில் இருக்கிறது. எஸ்டிடிஒய்யை அதன்மேல் ஓட்ட வேண்டும். டிடிஒய்யு0.லாக் மீது ஓட்டினால் எந்த நிரலாலும் அந்த மதிப்பை மாற்ற முடியாது. இரண்டும் ரீபூட்டில் போய்விடும் என்பதால் பூட் ஸ்கிரிப்டில் சேர்ப்பது அவசியம். லாகின் வரியே வரவில்லையா? ஓடும் நிரல்களைக் காட்டும் பிஎஸ் பட்டியலில், எதற்காகக் காத்திருக்கிறது என்று சொல்லும் டபிள்யூசான் பத்தியில் கெட்டிக்கு எதிரே 'டிடிஒய்டிசிடி' என்றிருந்தால் அது கேரியருக்காகக் காத்திருக்கிறது. ஈடிசி டிடிஒய்எஸ் கோப்பில் கெட்டியின் வகையை '3வயர்' ஆக்கி, பிராசஸ் 1க்கு ஹேங்கப் சிக்னல் கொடுங்கள்.

திரை அளவு மட்டும் எந்தக் கெட்டியின் கையிலும் இல்லை. சீரியல் கம்பியில் அந்தத் தகவலே பயணிப்பதில்லை. லாகின் செய்தபின் எக்ஸ்டெர்மோடு வரும் 'ரீசைஸ்' கட்டளையை ஓட்டுங்கள்.