படுக்கை காலியானால் யாருக்கு லாபம்?

அமெரிக்காவில் சொந்தமாகக் கிளினிக் நடத்தும் தமிழ் மருத்துவர்கள் சிலர் என்னிடம் கேட்கிறார்கள்: “பக்கத்து மருத்துவமனை ஏ.சி.ஓ. தொடங்குகிறது. எங்களையும் சேரச் சொல்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?” (ஏ.சி.ஓ. என்பது முதியோரின் சிகிச்சைச் செலவுக்கும் தரத்துக்கும் சேர்ந்து பொறுப்பேற்கும் மருத்துவக் கூட்டமைப்பு.) பதிலுக்கு நானும் ஒரு கேள்வி கேட்பேன். அந்த மருத்துவமனையில் ஒரு படுக்கை காலியாகக் கிடந்தால் நிர்வாகம் மகிழுமா, கவலைப்படுமா? இதற்கு நேரான பதில் கிடைக்கும்வரை பேனாவைத் திறக்காதீர்கள்.

முதியோரைப் பார்க்கும் குடும்ப மருத்துவர் நான். சிறிய கிளினிக்குகள் பல சேர்ந்து அமைத்த ஒரு ஏ.சி.ஓ.வின் மருத்துவப் பொறுப்பையும் சில காலமாகக் கவனித்து வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்தே இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் 65 வயதைக் கடந்தவர்களுக்கு அரசு தரும் காப்பீடு மெடிகேர். அதன் மரபான வடிவத்தில், மருத்துவர் நோயாளியைப் பார்க்கும் ஒவ்வொரு முறைக்கும், ஒவ்வொரு ஸ்கேனுக்கும், மருத்துவமனையில் சேரும் ஒவ்வொரு முறைக்கும் தனித்தனியாகப் பணம் வருகிறது. நோயாளி நலமாக வீட்டில் இருந்தால் யாருக்கும் வருமானம் இல்லை. இந்தக் கோணலை நிமிர்த்தும் முயற்சிதான் ‘அக்கவுண்டபிள் கேர் ஆர்கனைசேஷன்’, சுருக்கமாக ஏ.சி.ஓ. மருத்துவர் குழுக்களும் மருத்துவமனைகளும் தனியாகவோ கூட்டாகவோ முன்வந்து, குறைந்தது 5,000 மெடிகேர் நோயாளிகளின் மொத்தச் செலவுக்கும் சிகிச்சைத் தரத்துக்கும் பொறுப்பேற்கின்றன. வழக்கமான கட்டணம் வழக்கம்போல் வந்துகொண்டிருக்கும். ஆண்டு முடிவில், அத்தனை பேருக்கும் ஆன செலவை ஓர் இலக்குத் தொகையோடு மெடிகேர் ஒப்பிடும். செலவு குறைந்து, தரமும் தேறியிருந்தால் மிச்சத்தில் குழுவுக்கு ஒரு பங்கு உண்டு. துணிந்து கூடுதல் பங்குக்கு ஒப்பந்தம் போட்டவர்கள், செலவு இலக்கை மீறினால் நட்டத்திலும் பங்கேற்க வேண்டும்.

குறிப்பிட்ட மருத்துவர்களிடம் மட்டுமே போக விட்டு, 1990-களில் மக்களின் வெறுப்பைச் சம்பாதித்த எச்.எம்.ஓ. காப்பீட்டுத் திட்டங்களோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே நோயாளியைக் கட்டிப்போட்டார்கள். ஏ.சி.ஓ.வில் இருக்கும் மெடிகேர் நோயாளி, மெடிகேரை ஏற்கும் எந்த மருத்துவரிடமும் போகலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆகவே தடுத்து நிறுத்திச் செலவைக் குறைக்கும் வழி நமக்கு இல்லை. நன்றாகக் கவனித்துத்தான் குறைக்க முடியும். இந்தத் திட்டத்தின் மேல் எனக்குள்ள மரியாதைக்கு முதல் காரணம் இதுதான்.

2006-இல், மெடிகேர் பற்றி அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு யோசனை சொல்லும் மெட்பேக் என்னும் குழுவின் கூட்டத்தில் டார்ட்மவுத் கல்லூரியைச் சேர்ந்த எலியட் ஃபிஷர் பேசியபோது எழுந்த விவாதத்தில்தான் ஏ.சி.ஓ. என்ற பெயர் பிறந்தது. 2010-இல் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் அதற்கு உருவம் கொடுத்தது. 2012-இல் முதல் குழுக்கள் வேலையைத் தொடங்கின. 2025 தொடக்கத்தில் மெடிகேரின் முதன்மை ஏ.சி.ஓ. திட்டத்தில் மட்டும் 476 ஏ.சி.ஓ.க்கள், ஏறத்தாழ 1 கோடியே 12 லட்சம் நோயாளிகள். 2023-ஆம் ஆண்டுக் கணக்கில், குழுக்களுக்குப் பங்கு கொடுத்தது போக மெடிகேருக்கு 210 கோடி டாலர் மிஞ்சியது.

இனி படுக்கைக் கணக்குக்கு வருவோம். இதய பலவீனத்தால் ஒருவர் மருத்துவமனையில் சேர்வதற்கு மெடிகேர் 12,000 டாலர் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நம் கவனிப்பால் அவர் சேராமல் தப்பித்தார். பங்கு பாதி என்றால் 6,000 டாலர் ஏ.சி.ஓ.வுக்கு வரும். கிளினிக்குக்கு இது முழுக்க வரவு, இழப்பு எதுவும் இல்லை. ஏ.சி.ஓ.வை நடத்துவது மருத்துவமனையாக இருந்தால்? 6,000 வாங்குவதற்காக 12,000-ஐ விட்டுக்கொடுக்கிறது. கட்டடத்துக்கான கடன், இரவுப் பணி நர்ஸ்களின் சம்பளம், இயந்திரங்களின் தவணை எதுவும் ஒரு படுக்கை காலியானதால் குறையப் போவதில்லை. மருத்துவமனை நிர்வாகிகள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களுடைய வரவு செலவு அப்படி அமைந்திருக்கிறது.

இது என் ஊகம் மட்டுமல்ல. ஹார்வர்டைச் சேர்ந்த மைக்கேல் மெக்வில்லியம்ஸ் குழு 2018-இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவர் குழுக்கள் நடத்திய ஏ.சி.ஓ.க்களின் சேமிப்பு ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்தது தெரிந்தது. மருத்துவமனையோடு இணைந்தவற்றிலோ, பங்குத் தொகையைக் கழித்த பிறகு மெடிகேருக்கு மிச்சம் எதுவும் நிற்கவில்லை.

ஆகவே என் முடிவு தெளிவானது. ஏ.சி.ஓ.வின் கடிவாளம் முதல்நிலை மருத்துவர்களின் கையில் இருக்க வேண்டும். மருத்துவமனை கூட்டாளியாக வரட்டும், முதலாளியாக வர வேண்டாம். சட்டமும் ஓரளவு இதற்கு இடம் தருகிறது. நிர்வாகக் குழுவில் குறைந்தது 75 சதவீத அதிகாரம் பங்கேற்கும் மருத்துவர்கள், மருத்துவமனைகளிடம் இருக்க வேண்டும். வெளியிலிருந்து முதலீடு போடும் நிறுவனம் அதைக் கைப்பற்ற முடியாது. மெடிகேர் நோயாளி ஒருவருக்கும் அதில் இடம் கொடுக்க வேண்டும். அந்த நாற்காலியைச் சடங்குக்காக நிரப்பாதீர்கள். எங்கள் குழுவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை, “‘டிஸ்சார்ஜ் அன்று கையில் திணிக்கும் தாள்களை என் மனைவி இறந்த பிறகு யார் படித்துக் காட்டுவார்கள்?’ என்று என் பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிறார்” என்றார். அந்த ஆண்டு நாங்கள் எடுத்த எல்லாத் தீர்மானங்களிலும் பயனுள்ளது அந்தக் கேள்வியிலிருந்துதான் வந்தது: தனியாக வாழும் நோயாளி வீடு திரும்பினால் தொலைபேசி மட்டும் போதாது, ஒருவர் நேரில் போக வேண்டும்.

வேலை எங்கே நடக்கிறது என்று பார்த்தால், பெரும்பகுதி தொலைபேசியில்தான். எங்கள் நோயாளி எந்த மருத்துவமனையில் சேர்ந்தாலும், அங்கிருந்து வெளியேறினாலும், மறுநாள் காலைப் பட்டியலில் பெயர் வந்துவிடும். 2021 மே மாதத்திலிருந்து மருத்துவமனைகள் இப்படி மின்னணு அறிவிப்பு அனுப்புவது மெடிகேரின் நிபந்தனை. அதற்கு முன்பெல்லாம் நோயாளி சொன்னால்தான் நமக்குத் தெரியும். வெளியேறிய இரண்டு வேலை நாட்களுக்குள் எங்கள் நர்ஸ் கூப்பிடுவார். “எப்படி இருக்கிறீர்கள்?” என்று தொடங்கினால் “நன்றாக இருக்கிறேன்” என்ற பதில்தான் வரும், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். எங்கள் நர்ஸ் அப்படித் தொடங்குவதில்லை. “மருந்துப் புட்டிகளை எல்லாம் சமையலறை மேசைக்குக் கொண்டுவாருங்கள், ஒவ்வொன்றாக எடுத்து லேபிளை எனக்குப் படித்துக் காட்டுங்கள்” என்பார். ஒருமுறை இதய பலவீனம் உள்ள ஒரு முதியவர் இப்படிப் படித்துக்கொண்டே வந்தார். மூன்றாவது புட்டியில் ‘லேசிக்ஸ்’. ஏழாவதில் ‘ஃப்யூரோசமைட்’. இரண்டும் ஒரே நீர்நீக்கி மருந்து. முன்னது பழைய வீட்டு இருப்பு, பின்னது மருத்துவமனை புதிதாக எழுதித் தந்தது. இரண்டையும் நாளும் தவறாமல் விழுங்கிக்கொண்டிருந்தார், எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்றும் சொன்னார். அன்று மாலையே இரத்தப் பரிசோதனை, பழைய புட்டி குப்பைக்கு. அந்த அழைப்பு போகாமல் இருந்திருந்தால் அவர் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து திரும்பி வந்திருக்கலாம், அல்லது சிறுநீரகம் பழுதாகி வந்திருக்கலாம்.

இந்த அழைப்புக்கும், அதைத் தொடர்ந்து ஏழு அல்லது பதினான்கு நாட்களுக்குள் மருத்துவரைப் பார்ப்பதற்கும் சேர்த்து 2013 முதல் மெடிகேர் தனிக் கட்டணமே தருகிறது. இருந்தும் பல கிளினிக்குகள் இதைச் செய்வதில்லை. ஆளில்லை என்பார்கள். நான் சொல்வேன்: விலையுயர்ந்த மென்பொருளுக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன் நல்ல நர்ஸ் ஒருவரையும், பகுதி நேர மருந்தாளுநர் ஒருவரையும் நியமியுங்கள். மென்பொருள் விற்பவர்கள் காட்டும் வண்ணப் படங்கள் யாரையும் தொலைபேசியில் அழைப்பதில்லை.

பலர் கவனிக்காத செலவு ஒன்று உண்டு. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போகாமல், நோயாளி சில வாரம் தங்கித் தேறும் நர்ஸிங் மையங்கள். இடத்துக்கு இடம் மெடிகேர் செலவு ஏன் இவ்வளவு வேறுபடுகிறது என்று அமெரிக்காவின் ‘இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின்’ அமைப்பின் குழு ஒன்று ஆராய்ந்து 2013-இல் அறிக்கை தந்தது. வேறுபாட்டில் 73 சதவீதம், நர்ஸிங் மையங்களும் அடங்கிய மருத்துவமனைக்குப் பிந்தைய கவனிப்பிலிருந்தே வருகிறது என்றது அது. முதல் 20 நாட்களுக்கு நோயாளி கைப்பணம் எதுவும் கட்ட வேண்டாம், 21-ஆம் நாளிலிருந்து கட்ட வேண்டும். அதனால் 20-ஆம் நாள் நெருங்கும்போது ‘தேறிவிட்டார்’ என்று அனுப்புவது அதிகம். நோய் ஒருபோதும் நாட்காட்டியைப் பார்த்துக் குணமாவதில்லை. உங்கள் ஊரில் நோயாளிகள் போகும் நர்ஸிங் மையங்களுக்கு நேரில் போங்கள். மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், இரவில் மூச்சுத் திணறினால் ஆம்புலன்ஸை அழைப்பார்களா, முதலில் மருத்துவரை அழைப்பார்களா என்று கேளுங்கள். மருத்துவமனைக் கூட்டாளியின் உண்மையான உதவி இங்கேதான் தேவைப்படும். நோயாளியை எந்த மையத்துக்கு அனுப்பலாம் என்ற பேச்சு அவர்களுடைய வார்டில்தான் நடக்கிறது. எந்த மையத்தில் கவனிப்பு நல்லது என்ற விவரத்தை நோயாளியின் முன்வைக்கலாம், தேர்வு அவருடையது.

மருத்துவமனை முன்னின்று நடத்தி வென்ற இடங்களும் உண்டு. ஹூஸ்டனின் மெமோரியல் ஹெர்மன் முதல் கணக்கில் ஏறத்தாழ 5.8 கோடி டாலர் மிச்சம் காட்டியது. படுக்கைகள் எப்போதும் நிரம்பி வழியும் ஒரு மருத்துவமனைக்கு, சேராமல் தடுத்திருக்கக்கூடிய நோயாளி வராமல் இருப்பதே நல்லது, அந்த இடத்தில் அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவர் வருவார். அத்தகைய மருத்துவமனை உங்கள் ஊரில் இருந்தால் தயங்காமல் பேசுங்கள். பாதிப் படுக்கை காலியாகத் தவிக்கும் மருத்துவமனை ஏ.சி.ஓ. தொடங்குவதாகச் சொன்னால், பக்கத்துக் கிளினிக்குகளின் நோயாளிகளைத் தன் பக்கம் இழுப்பதற்கான வலையா என்று யோசியுங்கள்.

பணம் எப்போது வரும் என்பதில்தான் சிறிய கிளினிக்குகள் இடறுகின்றன. ஜனவரியில் தொடங்கினால், அந்த ஆண்டுக் கணக்கு அடுத்த ஆண்டின் பிற்பகுதியில்தான் வெளிவரும். ஏறக்குறைய இருபது மாதம் நர்ஸின் சம்பளத்தைக் கையிலிருந்து கொடுக்க வேண்டும். இதை உணர்ந்துதான் 2024 முதல், தகுதியுள்ள சிறிய, புதிய குழுக்களுக்கு மெடிகேர் 2,50,000 டாலர் முன்பணமும், அதற்கு மேல் இரண்டு ஆண்டுகளுக்குக் காலாண்டுத் தவணைகளும் தருகிறது. பின்னால் வரும் பங்கிலிருந்து அதைக் கழித்துக்கொள்ளும். இந்த உதவி இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. இன்னொன்று: லாபம் மட்டும் பகிரும் தொடக்க நிலையில், 5,000 பேர் கொண்ட குழு பங்கு பெற 3.9 சதவீதம் மிச்சம் காட்ட வேண்டும் என்பது பொது விதி, 60,000 பேரைத் தாண்டினால் 2 சதவீதம் போதும். சிறிய கூட்டத்தில் தற்செயலாகவே செலவு ஏறும், இறங்கும் என்பதால் இந்த வேறுபாடு. சிறிய குழுக்களுக்கு அண்மைக்கால விதிகள் சில சலுகைகள் தந்திருந்தாலும், 5,000-த்தைத் தொட்டவுடன் ஓடாதீர்கள். பக்கத்து ஊர்க் கிளினிக்குகளையும் சேர்த்துக்கொண்டு தொடங்குங்கள்.

இலக்குத் தொகையைப் பற்றி எனக்கு ஆதங்கம் உண்டு. அது உங்களுடைய முந்தைய மூன்று ஆண்டுச் செலவிலிருந்து பிறக்கிறது. ஊதாரியாக இருந்தவருக்கு உயர்ந்த இலக்கு, சிக்கனமாக இருந்தவருக்குத் தாழ்ந்த இலக்கு. டார்ட்மவுத்-ஹிட்ச்காக், அதாவது ஃபிஷரின் சொந்த இடத்து மருத்துவமனை, ‘பயனீர்’ என்ற முன்னோடித் திட்டத்திலிருந்து 2015-இல் வெளியேறியது. நல்ல தரத்தில், குறைந்த செலவில் நடத்தியும் அபராதம் கட்ட நேர்ந்ததுதான் காரணம். அந்தத் திட்டத்தில் தொடங்கிய 32 குழுக்களில் பாதிக்கு மேல் விலகிவிட்டன. பிறகு விதிகளைத் திருத்தினார்கள். வட்டாரச் சராசரியையும் இப்போது கணக்கில் சேர்க்கிறார்கள், முன்பு சேமித்த குழுக்களுக்கு 2024 முதல் ஈடும் உண்டு. என்றாலும் உங்கள் கிளினிக்கின் பழைய செலவு உங்கள் வட்டாரத்தோடு ஒப்பிட்டால் எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் நட்டத்தில் பங்கேற்கும் ஒப்பந்தத்துக்குப் போகாதீர்கள்.

மெடிகேர் மாதந்தோறும் அனுப்பும் பில் விவரங்களைப் படிக்கத் தெரிந்த ஒருவர் குழுவில் இருக்க வேண்டும். 2023-இல் சிறுநீர் வடிகுழாய்களுக்கு நாடு முழுவதும் பெருந்தொகை மோசடி பில்கள் போனதை முதலில் கண்டுபிடித்துக் கத்தியவர்கள் ஏ.சி.ஓ.க்கள்தான். நம் நோயாளிகளுக்கு வடிகுழாயே தேவைப்படவில்லை, ஆனால் அவர்கள் பெயரில் பெட்டி பெட்டியாகப் பில்கள். அந்தச் செலவு நம் கணக்கில் ஏறி, நம் உழைப்பின் பலனைத் தின்றிருக்கும். கூச்சல் போட்டதால்தான் 2024-இல் அதைக் கணக்கிலிருந்து நீக்கும் விதி வந்தது.

கையெழுத்துக்கு முன் மூன்றைப் படியுங்கள். முதல்நிலை மருத்துவச் சேவைக்குப் பில் போடும் உங்கள் வரி எண் ஒரே ஒரு ஏ.சி.ஓ.வில்தான் இருக்க முடியும். ஒப்பந்தக் காலம் ஐந்து ஆண்டு. ஆகவே நடுவில் விலகினால் என்ன ஆகும் என்ற பிரிவைப் படியுங்கள். நட்டம் வந்தால் அதை யார் தலையில், எந்த விகிதத்தில் கட்டுவார்கள் என்பதைப் படியுங்கள். மூன்றாவது, பங்குத் தொகை எப்படிப் பிரியும் என்பது. ஏற்கெனவே நடக்கும் ஒவ்வொரு ஏ.சி.ஓ.வும் தன் இணையப் பக்கத்தில் இதைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்பது மெடிகேரின் கட்டாயம்: இவ்வளவு சதவீதம் கட்டமைப்புக்கு, இவ்வளவு மருத்துவர்களுக்கு என்று இருக்கும். உங்களை அழைப்பவர்களின் பக்கத்தைத் திறந்து அந்தச் சதவீதத்தைப் பாருங்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் என்றால் அதே விவரத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஜனவரியில் தொடங்குவதற்கான விண்ணப்பம் அதற்கு முந்தைய கோடையிலேயே முடிந்துவிடும் என்பதால், இந்தப் பேச்சைக் குளிர்காலத்திலேயே தொடங்கிவிடுங்கள்.